தாலி கட்டும்போது மறைக்க வேண்டாம்

அன்புள்ள யோகராணிக்கு,

உமது முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். கடையும் பரவாயில்லை.

சனிக்கிழமை இங்கிலாந்து அரச கலியாணத்தை ரீவியில் முழுதாகப் பார்த்தேன். என்னோடு தங்கியிருக்கும் வரதராஜா அண்ணைக்கு நக்கல்.

"எங்களை ஆண்டவங்கட கலியாணத்தை என்ன வாய் பிளந்து பார்க்கிறீர்?"

"ஓம் அண்ணை, அவங்களுக்கு ஒரு கலியாணத்தை நடத்தத் தெரியுது."

மோதிரம் போட்ட விரல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கமராக்காரனும் குறுக்கே வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் காக்கிற ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும்.

மறுநாள் இங்கே கேரம் டவுன்ஸ் கோயிலில் எங்கள் ஆட்களின் கலியாணம். தாலி கட்டும் நேரம் கமராக்காரர் மணவறையை மறைத்து நின்றார்கள். பெற்ற தாயே எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு படத்துக்காக மாப்பிள்ளையைத் திரும்பவும் தாலியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு அருவருத்துப் போய்விட்டது. சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

இங்கே என் விசா முடிவு இன்னும் வராததால் எங்கள் மகள் மிருணாளினியின் கலியாணத்துக்கு நான் ஊருக்கு வர முடியாது. நீங்கள் அனுப்பும் நேரடி வீடியோவில்தான் பார்க்கப்போகிறேன். ஆகவே அங்கே கமராக்காரரிடம் இப்போதே கறாராகச் சொல்லும், முகூர்த்த நேரம் ஓரமாக நிற்கட்டும். காசும் கொடுத்து அவர்களின் முதுகையும் பார்க்க நான் விசரன் இல்லை. எனக்குப் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும்.

கடைக்குச் சாமான் லொறி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

கனகலிங்கம்
நோபல் பார்க்