தொப்பியைத் தூக்கிய நண்பன்

ம்பராரா
8 மார்ச் 2009

அன்புள்ள பலிகோவாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் உன் முழங்காலும் எப்படி? ஜிஞ்சா பஸ்ஸில் நீ கொடுத்துவிட்ட பழைய உளவாளிப் படக் கேசட் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் கடிதத்தை மடித்து வைத்திருந்தாய். "உளவாளிங்க போன்ல பேச மாட்டாங்கடா" என்று இந்த வயதிலும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் நீ ஒருவன்தான்.

ஞாயிறு கோயிலிலிருந்து வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரி ஜோவியா நிலக்கடலை வறுத்தாள். அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் ரயிலிலிருந்து இறங்க, படத்தின் ஆங்கிலத்தை அமுக்கிக்கொண்டு உன் லுகாண்டா மொழிபெயர்ப்பு வந்தது பார்: "வந்துட்டான்யா நம்ம ஆளு! கோட்டுதான் வெள்ளை, மனசு பூராவும் தந்திரம்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ மைக்கில் கதை சொல்லிப் படம் ஓட்டிய வீடியோ கொட்டகையும், தகரக்கூரைச் சூடும், அந்தப் பெஞ்சில் என்னைக் கடித்த மூட்டைப்பூச்சியும் ஒன்றாக ஞாபகம் வந்தன. என் வலது காது போன பிறகு, இடது காது உன் மைக் பக்கம் இருக்கும்படி முதல் பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தாயே. அங்கே வேறு எவனாவது உட்கார்ந்தால் படத்தையே நிறுத்திவிடுவாய்.

தொப்பிக் காட்சி வந்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். போலீஸ் காத்திருக்கிறது என்று தெரிந்து, அவனுடைய நண்பன் கடிகாரக்காரன் ரயில் ஸ்டேஷனில் தொப்பியைத் தூக்கி அவனை எச்சரிக்கிறானே, அது. "நண்பன்னா இவன்தான்யா!" என்று நீ கத்துவாய். எண்பத்துநாலில் நாம் வேலை பார்த்த மில் வாசலில் அரசாங்க ஆட்கள் என்னைப் பிடித்த அன்று நீயும் அப்படித்தானே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய்? நான்தான் புரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போதே ஓடியிருந்தால் சிறையில் கிடந்த அந்த ஐந்து மாதமும் இல்லை, என் காதும் போயிருக்காது. இதை என் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒரு செய்தி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாளே என் மகள் கெமிகிஷா, இந்தப் படத்தின் நல்ல டிஸ்க் ஒன்றைக் கம்பாலாவில் வாங்கியிருக்கிறாளாம். குரல் போடாத அசல். ஈஸ்டருக்குக் கொண்டுவருகிறாள்.

உன் முதல் பெஞ்சுக்காரன்,
கருஹங்கா


ஜிஞ்சா
21 மார்ச் 2009

அன்புள்ள கருஹங்கா,

உன் கடிதத்தை வீட்டில் நைகாகாவுக்கும் படித்துக் காட்டினேன். "அவரு இன்னும் மாறவே இல்லீங்க" என்றாள். முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது, பாரபட்சம் பார்ப்பதில்லை.

அந்த டிஸ்க்கைப் பார்க்காதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அசலில் ஒன்றும் இல்லையடா. வெள்ளைக்காரர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள். உப்பில்லாமல் அவித்த வாழைக்காய் மட்டோக்கே மாதிரி இருக்கும். உனக்கு வேண்டுமானால் வேறு கேசட் அனுப்புகிறேன், பனிமலையில் துரத்துவார்களே, அது. நான் குரல் போட்டதிலேயே அதுதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள்.

உன் மகள் மனம் கோணாமல் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு.

உன் குரல்காரன்,
பலிகோவா


ம்பராரா
14 ஏப்ரல் 2009

அடேய் பலிகோவா,

பார்த்துவிட்டோம்! திருட்டுப் பயலே, எங்களை இருபது வருடம் ஏமாற்றியிருக்கிறாய்!

கெமிகிஷா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அந்தச் சிவப்பு உடைக்காரி வெள்ளைக் கோட்டுக்காரனுடைய தங்கையே இல்லையாமே! கொட்டகைக்குத் தாய்மார்களும் வருகிறார்களே என்று முத்தக் காட்சிக்காக நீ தங்கை ஆக்கியது புரிகிறது. அசலில் வில்லன், நீ திட்ட வைத்த உன் பழைய வாடகை வீட்டுக்காரரைப் பற்றிப் பேசவே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

பிறகு தொப்பி வந்தது. "அப்பா, அவன் எச்சரிக்கலப்பா. காட்டிக் கொடுக்கிறான். 'நான் யாருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்றேனோ அவனைப் பிடிச்சுக்கோங்க'ன்னு போலீஸ்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருக்கான்" என்றாள். நான் நம்பவில்லை. நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தடவை பார்த்தோம்.

மற்றதையெல்லாம் எதற்காக மாற்றினாய் என்று தெரிகிறது. இதை ஏன் மாற்றினாய்? காட்டிக் கொடுத்தான் என்று சொல்லியிருந்தால் கொட்டகையே கொதித்து எழுந்திருக்குமே. சும்மாதான் கேட்கிறேன்.

கருஹங்கா


ஜிஞ்சா
3 மே 2009

அன்புள்ள கருஹங்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று மில் வாசலில் நான் உன்னை எச்சரிக்கக் கூப்பிடவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு, நம்பர் பிளேட் இல்லாத காரில் அந்த ஆட்கள் என்னை ஏற்றினார்கள். "உன் பேரும் எங்க பட்டியல்ல இருக்கு. காட்டுக்குள்ள இருக்கிற கிளர்ச்சிக்காரங்களுக்கு மில்லுலேருந்து ஆள் சேர்க்கிறானாமே, ம்பராரா பக்கத்துலேருந்து வந்த ஒருத்தன், அவனைக் காட்டு. கையெல்லாம் நீட்ட வேண்டாம். வெளிய வரும்போது பேரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்" என்றார்கள். நீ யாரையும் சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். நைகாகா நிறைமாதமாக இருந்தாள். அதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்தாள் என்று மட்டும் எழுதுகிறேன். நான் கூப்பிட்டேன். நீ திரும்பிச் சிரித்தாய்.

எண்பத்தொன்பதில் என் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. எந்தப் படத்தையும் முதல் நாளே தனியாகப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பேன். தொப்பி எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த இடம் வந்தபோது முதல் பெஞ்சில் நீ நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காட்டிக் கொடுக்கிறான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ எழுந்து கைதட்டினாய், கொட்டகை முழுவதும் உன்னோடு தட்டியது. "என் பலிகோவாவும் இப்படித்தான்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். அதற்குப் பிறகு எந்த வாயால் மாற்றிச் சொல்வேன்? கேசட்டிலும் அந்தப் பொய்யையே பதிந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பலிகோவா


ஜிஞ்சா
19 ஜூலை 2009

கருஹங்கா,

கடிதம் வைத்த பெட்டியை உன் கையிலேயே கொடுத்ததாகக் கண்டக்டர் சத்தியம் பண்ணுகிறான். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டியாவது எழுது. பஸ் வரும் நாளெல்லாம் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். நைகாகாவிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பலிகோவா


ம்பராரா
30 ஆகஸ்ட் 2009

பலிகோவா,

உன் கடிதத்தை ஜோவியாவிடம்கூடக் காட்டவில்லை. கேசட்டை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்டு எரிக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று திரும்பி வந்தேன். அதில் உன் குரல் தொப்பிக் காட்சிக்கு வரும்போது நடுங்குகிறது. கொட்டகையிலும் அப்படித்தான் நடுங்கும், இத்தனை வருடம் அதை உணர்ச்சி என்று நினைத்திருந்தேன், முட்டாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நூறு தடவை சொன்ன கதையை இப்போது எப்படித் திருப்பிச் சொல்வது? என் காதை எடுத்தவர்கள்மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவர்கள் என் நண்பர்கள் இல்லையே. ஆனால் இந்த நான்கு மாதத்தில் வேறு யாருடனும் உட்கார்ந்து படம் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் உன்மேல் கோபம்தான்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு வா. வீட்டில் எல்லோரையும் ஜோவியாவின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஏரி மீன் கொண்டு வா, புகை போட்டது. டிஸ்க்கைப் போட்டு டிவியின் சத்தத்தை அணைத்து வைக்கிறேன். முதலிலிருந்து நீ சொல். சிவப்பு உடைக்காரி உன் இஷ்டப்படி தங்கையாகவே இருக்கட்டும். தொப்பி வரும்போது மட்டும், கடிதத்தில் எழுதியதை உன் வாயால் சொல்.

அதைக் கேட்ட பிறகு உன்னைச் சாப்பிடச் சொல்வேனா, எழுந்து போகச் சொல்வேனா என்று எனக்கே தெரியாது. அதற்குச் சம்மதம் என்றால் பஸ் ஏறு.

என் இடது பக்கம் உட்கார்.

கருஹங்கா