கடைசிப் பதினாறு பக்கம்

மார்ச் 3, திங்கள்

முந்நூறு பிரதியும் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிவிட்டன. ‘கிணற்றடிப் பிணம்.’ அறுபது வருஷத்துக்கு முந்தைய கிராமத்துக் கொலைக்கதை. துப்பறிவது ஊர்த் தபால்காரர். இப்போது எங்கள் மறுபதிப்பு. நானும் மெய்ப்புப் பார்த்த அத்தானும் ஆளுக்கொரு பிரதியை மோந்து பார்த்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வாசலில் நின்ற அக்கா, “ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு” என்றாள்.

பதிப்பகம் என்பது அக்கா வீட்டு முன்னறைதான். மாசக் கடைசிக்குள் முந்நூறும் போகாவிட்டால் அறை அவளுடைய தையல் மெஷின்களுக்கு. சொன்னால் சொன்னதுதான். அவள் கதை கிதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

மார்ச் 8, சனி

நூற்றைம்பது போயாச்சு. தலைகால் புரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

முதல் பிரதி வாங்கிய பல் டாக்டர் காலையிலேயே ஃபோன் செய்தார். “கொலைகாரன் மாட்டு வைத்தியர்னு முடியுதும்மா. ஆனா கதையில மாட்டு வைத்தியரே இல்லையே.”

கடைசிப் பதினாறு பக்கத்தைப் படித்தேன் — முதல் முறையாக. அது நாங்கள் அடுத்துப் போடவேண்டிய ‘வைக்கோற்போர் மர்மம்’ நாவலின் முடிவு. அதே தபால்காரர், வேறு பிணம். தட்டச்சுக்காரர் இரண்டு முடிவின் கோப்புக்கும் ‘கடைசி’ என்றே பேர் வைத்து அனுப்பியிருக்கிறார். நானோ, கொலைகாரன் தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கம் அமைத்தேன். அத்தான் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தைரியம்.

“நீ படிச்சிருப்பேன்னு விட்டுட்டேன். புஸ்தகமா வந்ததும் ரசிச்சுப் படிக்கலாம்னு…” என்கிறார் அத்தான்.

கொலைக்கதை போடுகிற இரண்டு பேருக்கும் கொலைகாரன் யாரென்று தெரியாது! அழத்தான் உட்கார்ந்தேன். அத்தான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்து தொலைத்தது. அக்காவிடம் யார் சொல்வது?

மார்ச் 10, திங்கள்

சொல்லியாச்சு. “துணியை அளக்காம வெட்டினாக்கூட இவ்வளவு கேவலமா இருக்காதுடி” என்றாள் அக்கா.

சரியான பதினாறு பக்கத்தைத் தனியாக அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்பப்போகிறோம். விற்காத பிரதிகளுக்குள்ளும் பிரதிக்கொன்று. உறைமேல்: ‘கதை முடிந்தபின் பிரிக்கவும். தப்பு எங்களுடையது.’

ஆனால் வைக்கோற்போர்? கொலைகாரன் யாரென்று ஊருக்கே சொல்லிவிட்டோமே, அதை இனி எந்தப் புண்ணியவான் வாங்குவான்?

மார்ச் 20, வியாழன்

மறுபடியும் பல் டாக்டர். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். “உறை வந்துச்சும்மா. யார் பிரிக்கிறதுன்னு வீட்ல ரெண்டு நாளா சண்டை. அது கிடக்கட்டும், அந்த மாட்டு வைத்தியர் யாரைக் கொன்னாரு?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கங்களில் செத்தவர் பேரே இல்லை! ‘அந்தப் படுபாவி’ என்று மட்டும்தான் வருகிறது. சாயங்காலத்துக்குள் இதே கேள்வியோடு இன்னும் பதினோரு பேர்.

மார்ச் 29, சனி

முந்நூறும் தீர்ந்தது. வைக்கோற்போருக்கு இருநூற்றுப் பதினாறு முன்பதிவு. ‘கொன்றது மாட்டு வைத்தியர். செத்தது யார்?’ — விளம்பரம் அத்தான் எழுதியது. மனிதர் விசிலடித்துக்கொண்டே திரிகிறார். அக்கா தையல் மெஷின்களைப் பின்னறைக்கு நகர்த்தச் சொன்னாள், அவ்வளவுதான்.

மே 17, சனி

மூன்றாவது நாவலுக்கு மெய்ப்பு. இந்தத் தடவை கடைசிப் பதினாறு பக்கம் அக்கா பொறுப்பு. கதை பிடிக்காதவள் தப்பாமல் பார்ப்பாள் என்பது கணக்கு. முன்கதை தெரிய வேண்டுமென்று முழுசையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் திருப்பித் தந்தாள். நூற்றுச் சொச்சம் பக்கத்திலும் சிவப்பு மை. கடைசிப் பதினாறில் நான் போட்ட கிளிப்கூடக் கழற்றவில்லை.

“இதைப் பார்க்கலையாக்கா?”

“புஸ்தகமா வரட்டும்டி. இப்பவே தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் என்ன இருக்கு?”

அத்தானைப் பார்த்தேன். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.