கம்பெனி பஸ்ஸில் ஏறாத பிப்ரவரி

4-2-91, திங்கள்

பனி. எதிர் வீட்டு வாசல் பல்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. கம்பெனி பஸ் முனையில் நின்று ஹாரன் அடித்தது. போகவில்லை. இனிப் போகவும் மாட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளாக நாளாக நானே அதைச் சின்ன விஷயமாக்கிவிடக் கூடாது. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், ஜன்னலோரம். பல வருஷமாக நான் உட்காரும் இடம். அசெம்பிளிக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி எஞ்சினீயர் முரளி (இனி மு.) தோளைத் தட்டினான். "சார், முன்னாடி சீட்டெல்லாம் ஆபீசர்ஸுக்கு. நீங்க பின்னாடி போயிடுங்க." அவன் டிப்ளமா. நான் எம்.ஏ. போன மாதம் அவன் மூன்று முறை லேட். அரைநாள் சம்பளம் போயிற்று. டைம் ஆபீஸில் உட்கார்ந்து கார்டு பார்ப்பவன் நான். அதற்கு இது பழி. பின்னாலிருந்து ஒருவன், "டைம் ஆபீசுக்கே டைம் சரியில்லப்பா" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. இந்த பஸ்ஸில் இனிக் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இன்று டவுன் பஸ். பெரும்புதூரிலேயே அரைமணி நேரம் நிறுத்திவிட்டு கண்டக்டர் டீ குடித்தான். லேட். ஏழரைக்கு மேல் கார்டு போட்டால் மெஷின் நேரத்தைச் சிவப்பு மையில் அடிக்கும். பத்தொன்பது வருஷத்தில் என் கார்டில் முதல் சிவப்பு.

6-2, புதன்

டவுன் பஸ் நிற்கவே இல்லை. கையைக் காட்டியவன்மேல் புகையை விட்டுப் போயிற்று. இரண்டாவது சிவப்பு.

இந்த மாதம் இன்னொன்று விழுந்தால் அரைநாள் சம்பளம் போகும், அது பெரிதில்லை. பர்சனல் மானேஜருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பஸ் இருக்கிறதே, அதில் வாருங்கள். மு. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

கமலா சோறு போட்டுக்கொண்டே: "சைக்கிள் கத்துக்கினா இன்னாங்க? எதிர் வூட்டு நர்சம்மா ஓட்டிக்கினு போறாங்க, உங்களுக்கு வராதா?"

எங்கள் வீட்டில் சைக்கிள் அண்ணனுக்கு. எனக்கு நடை. அப்பா வைத்த ஏற்பாடு. அண்ணன் இப்போது கார் வைத்திருக்கிறான், ஒருநாள் ஏற்றிக்கொண்டதில்லை. இதையெல்லாம் கமலாவிடம் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றேன்.

சைக்கிள் கற்கும்வரை விடியற்காலைப் பால் வேன். கேன்களுக்கு நடுவில், சட்டையில் புளித்த வாடையோடு.

9-2, சனி

வாடகை சைக்கிள் கடை பஷீர் பாய். "சாருக்கு லேடீஸ் வண்டி தரட்டுமா? எறங்கறது ஈஸி." பெரிய வண்டியே வேண்டும் என்றேன்.

ஏரிக்கரைக்குக் கீழே வெட்டவெளி. பாய் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. "பிரேக்க புடிச்சிக்கினே மிதிக்கிற சார். எந்த வண்டி போவும்?"

சேதம்: முழங்கை. இடது முழங்கால். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். பேன்ட் செயினில் மாட்டி ஓரம் கிழிந்தது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். 

13-2, புதன்

நேராகப் போக வருகிறது. வலது பக்கம் திரும்ப வருகிறது. இடது பக்கம், பெரிய வட்டமாக, இடம் இருந்தால். இறங்க மட்டும் வரவில்லை. கால் ஊன்ற மைல்கல்லோ மண்மேடோ வேண்டும். இல்லையென்றால் விழ வேண்டும்.

15-2, வெள்ளி

ஒரகடம் ரோட்டில் முயன்றேன். பின்னால் ஜல்லி லாரி. ஹாரன் முதுகுக்குள் போயிற்று. ஒதுங்கினேன். தார் ரோடு முடியும் இடத்தில் அரையடிப் பள்ளம். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிளீனர் தலையை நீட்டி: "இன்னா பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

அந்த ரோட்டில் இனி இல்லை. வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். பஸ் இல்லை என்றால் இல்லைதான்.

17-2, ஞாயிறு

காலை முழுக்க வழி தேடினேன்.

மண்ணூர்ப் பக்கம்: மணல். சக்கரம் புதைகிறது.
கோயிலுக்குப் பின்னால்: நாய்கள்.
ஏரிக்கரை மேலேயே போய், மதகுக்கு அப்பால் இறங்கினால் வண்டிப்பாதை. வேர்க்கடலைக் காடு, பிறகு சவுக்குத் தோப்பு, தோப்பு முடிந்ததும் கம்பெனிக்குப் பக்கத்துக் காலி நிலம். அதைத் தாண்டினால் கேட். லாரி கிடையாது. மாட்டு வண்டி மட்டும்.

கமலாவிடம் சொன்னேன். "அத்த ஊரே நடக்குது, நீங்க இன்னா புதுசா கண்டுபுடிச்சீங்க" என்றாள்.

18-2, திங்கள்

போனேன். ஏழு பத்துக்கே பஞ்ச் செய்தாயிற்று. கறுப்பு மை. பஸ்ஸில் வந்து இறங்கிய மு. என் கால்சட்டையின் சேற்றைப் பார்த்தான்.

20-2, புதன்

ஏரியில் தண்ணீர் இன்னும் இருக்கிறது. நாமக்கோழிகள். வரப்பில் பனி. கரை மேல் மிதித்துக்கொண்டு போகும்போது கோபப்பட எதுவும் கிடைப்பதில்லை. அண்ணன் ஞாபகம்கூட வரவில்லை. மதகு தாண்டியதும் வந்தது.

21-2, வியாழன்

தோப்பு முடியும் இடத்தில், என் பாதைக்குக் குறுக்கே கருங்கல் அஸ்திவாரம். கம்பெனி பக்கத்து நிலத்தையும் வாங்கிவிட்டதாம். காம்பவுண்டு சுவர். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வேலிகாத்தான் முள். சுற்ற வழியில்லை. சைக்கிளைத் தூக்கித் தாண்டினேன்.

நிர்வாக அதிகாரியிடம் போய், காலகாலமாக ஊரார் நடக்கும் வழியை அடைக்கலாமா என்றேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "பட்டா நம்ம பேர்ல சார். உங்களுக்குத்தான் பஸ் இருக்குதே."

எல்லோரிடமும் ஒரே பதில். கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள்.

23-2, சனி

சுவர் இடுப்பளவு. நான் இந்தப் பக்கமிருந்து தூக்க, மேஸ்திரி அந்தோணி அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார். கலவை சுமக்கும் லட்சுமி என்ற பெண்: "மேஸ்திரி, சாருக்கோசரம் ஒரு வாசக்கால் வெச்சிடு." 

"வெச்சா கம்பெனிக்காரன் என் கூலில புடிப்பான். நீ குடுக்கிறியா?"

26-2, செவ்வாய்

மார்பளவு. இப்போது மூன்று பேர் தேவை. சைக்கிள் முதலில், பிறகு நான். சாரத்தில் ஏறி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் லட்சுமி குரல் கொடுக்கிறாள்: "கலவைய நிறுத்துங்கோ, டைம் ஆபீஸ் வந்தாச்சு." எம்.ஏ. படித்தவன் செங்கல் சுவரில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தொங்குகிறேன். சட்டையில் சிமென்ட். எந்தப் பாவிக்காக?

27-2, புதன்

தலைக்கு மேல் போய்விட்டது. சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்தோணி இறக்கிவிட்டுச் சொன்னார்: "இதோட சரி சார். நாளைக்கு மேல கண்ணாடிச் சில்லு சொருவுறோம். நீ பஸ்ல வந்துரு. எத்தினி நாளைக்குத் தொங்குவ?"

அவரும் பஸ் என்கிறார்.

நாளை ஒருநாள்தான். மாதம் முடிகிறது. மார்ச்சில் கணக்கு புதிது, வேறு வழி பார்க்கலாம். பால் வேன்காரனைக் கேட்டேன். "நேத்தே ஆக்சில் போச்சு சார்." டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. மிச்சம் ஒரகடம் ரோடு.

கமலாவிடம் சொல்லவில்லை. எண்ணெய் வாங்கிச் செயினுக்கு விட்டேன்.

28-2, வியாழன்

மாலை. வந்ததும் எழுதுகிறேன்.

கமலா எழுவதற்குள் கிளம்பினேன். பனி அதிகம். ரோட்டுக்கு வந்ததும் முதல் லாரி. புளியமரத்தில் கையை ஊன்றி நின்றேன். போனது. ஏறினேன். அடுத்தது. மறுபடி நின்றேன். மரம் மரமாக இப்படியே. நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு நிற்கவில்லை. தார் ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டேன், ஓரத்துப் பள்ளத்துக்குப் பயந்து. 

பின்னால் ஹாரன். லாரி அல்ல, தெரிந்த ஹாரன். கம்பெனி பஸ்.

டிரைவர் தனபால் நல்லவன், இரண்டு முறை மெதுவாக அடித்தான். நான் ஒதுங்கவில்லை. எதிரே வரிசையாக ஜல்லி லாரிகள், அவனால் தாண்டவும் முடியவில்லை. பிறகு அடித்துக்கொண்டே வந்தான். ஜன்னலில் மு. குரல்: "யோவ், ஒதுங்குய்யா. இன்னா ஊர்வலமா போறே?" பின்னால் விசில். யாரோ, "வுடுங்க சார், மாப்ள அழைப்பு" என்றான். சிரிப்பு.

எனக்கு ஒதுங்கத் தெரியாது. ஒதுங்கினால் விழுவேன். அது அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தெரிந்திருந்தாலும் ஒதுங்கியிருக்க மாட்டேன். என் வேகத்தில் மிதித்தேன். மொத்த ஷிப்டும் என் பின்னால், கேட் வரைக்கும்.

கேட்டில் மைல்கல் இல்லை. வாட்ச்மேன் மேல் சாய்ந்து இறங்கினேன்.

மெஷினில் ஏழு முப்பத்து நாலு. எனக்குப் பின்னால் வரிசை. மு. முன்னால் வந்தான்.

"பஸ் லேட்டுன்னா எங்களுக்கு லேட் கெடையாது. கையால மாத்தி எழுதுங்க."

"பஸ் ரிப்பேரானால்தான் அந்த விதி. ரிப்பேர் ஆகவில்லையே."

"உன்னாலதானேய்யா லேட்டு?"

"ரோடு பொது."

யாரும் சிரிக்கவில்லை. நான் முதலில் என் கார்டைப் போட்டேன். சிவப்பு. மூன்றாவது. எடுத்து எல்லாரும் பார்க்கும்படி ரேக்கில் செருகினேன். பிறகு அவன் கார்டுக்குக் கையை நீட்டினேன்.