சொல்லாமல் விட்ட மிச்சம்

எங்கள் நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் லவாலில் மேம்பாலம் இடிந்து விழுந்திருந்தது. மெட்ரோ ரயில் இன்னும் ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொல்ல வருவது அந்தப் பனிக்காலத்தைத்தான். ஆண்டுக்கணக்கு எனக்குத் தெரியாது, இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். இன்று பனிச்சப்பாத்து தேடிப் பெட்டியைக் கிளறியபோது, எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பழைய முத்திரை கையில் தட்டுப்பட்டது. மை காய்ந்துவிட்டது, மணம் போகவில்லை. உமக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

முத்திரையின் பிடியில் நீர் கத்தியால் போட்ட வெட்டு அப்படியே இருக்கிறது. நீர் பள்ளிக்கூடத்தின் செயலாளர், நான் சனிக்கிழமைகளில் கதவு திறந்து தேத்தண்ணி ஊற்றுகிறவன். தேர்ச்சி அறிக்கைகளுக்கு முத்திரை குத்தும் வேலையையும் என்னிடம் தந்தீர். முதல் நாளே தலைகீழாகக் குத்திவிட்டேன். நீர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அந்த வெட்டைக் காட்டி, "செல்லையா, இது உம்மட நெஞ்சைப் பாத்தாச் சரி" என்றீர். எனக்கு எழுத்துத் தெரியாதென்று கண்டுகொண்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முத்திரையில் இருந்தது கனடா முழுவதுக்குமான தமிழ்ப் பள்ளிகளின் சம்மேளனத்தின் பெயர்; நாங்கள் அதில் ஒரு கிளை. புத்தகமும் சோதனைத்தாளும் ரொறன்ரோவிலிருந்து வரும். சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் போட்டிருக்கும்; எங்கள் பிள்ளைகளோ பிரெஞ்சில் படிக்கிறவர்கள். மூன்று தரம் கடிதம் போட்டீர், பதில் இல்லை. அந்தப் பனிக்காலத்தில் பெற்றோர் சங்கத்தைக் கூட்டி, சம்மேளனத்தை விட்டு விலகித் தனியாக நிற்போம் என்று தீர்மானம் வைத்தீர்.

கூட்டம் நடந்தது செயின்ட்-மிஷேலில், தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். சங்கத் தலைவருக்குத் தீர்மானம் பிடிக்கவில்லை; எழுந்து சொன்னார்:

"பள்ளிக்கூடம் தொடங்கேக்க இவர் என்ன சொன்னவர் எண்டு செல்லையா அண்ணையைக் கேளுங்கோ. அவருக்கு ஒண்டும் மறக்காது."

நாங்கள் ஐந்து பேர் கூடிய அந்த முதல் கூட்டத்துக்குக் குறிப்பேடு இல்லை. என் தலைதான் குறிப்பேடு. எழுந்து, உம்மைப் போலவே சொன்னேன்: "தனிய நிண்டா இந்தப் பள்ளிக்கூடம் ஒரு விண்டர் தாங்காது."

மண்டபம் சிரித்தது. "அப்ப வெயில் வர, சம்மரில பிரிவமோ, செயலாளர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நீர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர். கோபமில்லை. மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்து நின்றீர். முதல் கூட்டத்தில் நீர் அதோடு நிறுத்தவில்லை. "பிள்ளையள் நூறு பேர் சேரட்டும். பேந்து எங்கட கால்லயே நிப்பம்" என்றும் சொன்னீர். நூறு எப்போதோ தாண்டியிருந்தது. அந்தச் சொல் என் நாக்கில் இருந்தது. ஆனால் ஒரு சபை என் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் தரம். அந்த இனிப்போடு கதிரையில் இருந்துவிட்டேன்.

வாக்கெடுப்பில் என் கை உமக்காகத்தான் எழுந்தது. என்ன பயன்? தீர்மானம் தோற்றது.

அடுத்த சனிக்கிழமை சாவியை மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டீர். வாசலில் மறித்தேன்.

"ஒண்டுமில்லை, செல்லையா. நீர் பொய் சொல்லேல்லைத்தானே."

அதற்குப் பிறகு நீர் வரவில்லை. உமது வீட்டுப் படி ஏற எனக்கும் முகமில்லை. அடுத்த பனி விழ முன் உமது நெஞ்சு நின்றுவிட்டது.

நீர் போன மறு ஆண்டு, பிரெஞ்சில் புத்தகம் தர முடியாதென்று சம்மேளனம் எழுதிவிட்டது. தலைவரே உமது தீர்மானத்தை எடுத்து, ஒரு சொல் மாற்றாமல் வாசித்தார். எல்லாக் கைகளும் எழுந்தன. புது முத்திரை செய்தார்கள். பழையதை எறியப் போனபோது கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது மெட்ரோ ஆற்றைக் கடக்கிறது. ஞாயிறுகளில் அதில் ஏறி லவால் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். அங்கே ஒருவருக்கு உமது பேச்சை இரண்டு பாதியும் சேர்த்துச் சொல்வேன்.

"ஆர் சொன்னது?" என்பார். உமது பெயரைச் சொல்வேன்.

"நல்ல கதை. அந்த ஆள் இப்ப எங்கை?"

ஒவ்வொரு ஞாயிறும் அவர் புதிதாகக் கேட்கிறார்; நானும் முதலிலிருந்து சொல்கிறேன். முதல் கூட்டத்தில் உமது வாயால் முழுவதையும் கேட்டவர்களில், என்னைத் தவிர மிச்சம் அவர் ஒருவர்தான், தலைவர் அருளம்பலம்.