நாலு மணிக்கு இல்ல, ஒன்றரைக்கே

அக்கா, அப்பா இறங்கிட்டாரு! இப்பதான் ஏர்போர்ட்லேருந்து போன். "ஏண்டா, ஒரு ஈ காக்காவக்கூட காணோம், என்னை மறந்தே போயிட்டீங்களா?"ன்னு கேக்குறாரு.

தப்பு என்னோடதுதான். நாலாயிரம் கிலோமீட்டர், அஞ்சு மணி நேரம், அவர் இருக்குற நாட்டுல ராத்திரி பதினொண்ணுக்குக் கிளம்பினா இங்க விடிகாலை நாலுக்கு வருவாருன்னு பெரிய மேதாவி மாதிரி கணக்குப் போட்டேன். அந்த ஊர்க் கடிகாரம் நம்மளதவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுன்னு மண்டையில உறைக்கவே இல்ல. நீயும் என்னை நம்பி, அவர் வர்றதுக்குள்ள ஓடிடலாம்னு ஃப்ரெண்டை மூணு மணிக்கு வண்டியோட வரச் சொல்லிட்டு, அலாரம் வச்சுத் தூங்குற.

உன்னை எழுப்பல. எழுப்பினா இந்த இருட்டுல தனியா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவ. அம்மா நைட் டியூட்டில போனே எடுக்கல. நான் டாக்சில போறேன்.

நீ காலேஜை விட்டதுக்கு அவர் அப்படிக் கத்தினது தப்பு. பேசிட்டிருக்கும்போதே நீ போனை வச்சதும் தப்பு. ஆறு மாசமா நடுவுல தூது போயே நான் ஓஞ்சுட்டேன். நேர்ல பேசித் தொலைங்களேன்!

உன் சாவி செருப்பு அலமாரி மேல. சோறு ஃப்ரிட்ஜ்ல. சாப்பிடாமயே படுத்துட்ட.

பி.கு.: அலாரத்தை நான் நிறுத்தல, சத்தியமா. கை கிட்ட வரைக்கும் போச்சு.

இன்னொண்ணு: அப்பா போன்ல, "அக்கா வீட்லதான இருக்கா?"ன்னாரு. ம்னேன். "நான் வர்ற வரைக்கும் இருப்பாளாடா?"ன்னாரு. அதுக்கு நான் என்னக்கா சொல்றது?