சொன்ன பேச்சு கேட்காத கால்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது, தேய்த்துக்கொள்ளவும் வேண்டும். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

"ரெண்டு சக்கரத்துல விழுந்தது போதும், நாலு சக்கரத்துக்கு மாறிடு" என்று நீதானே என் உயிரை எடுத்தாய். மண்மேட்டு பைக் பந்தயத்தில் சாம்பியனாக இருந்தவன், இங்கே டிரக் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின ஆள்.

பைக்கில் வளைவு வந்தால் உள்பக்கக் காலை நீட்டுவோம் இல்லையா, அந்தப் பழக்கம் தொலைய மாட்டேன் என்கிறது. இங்கே ஓட்டுபவர் இருக்கை இடதுபக்கம், பந்தயத்தில் பிரேக்குக்கும் இடது கால்தான். நேற்று இடதுபக்க வளைவில், அந்தக் கால் தானாகக் கிளம்பிப்போய்க் கதவில் இடித்துக்கொண்டது. டிரக் மேட்டில் ஏறி லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, "காலை எங்கப்பா நீட்டுற?" என்றார். யாருக்கும் அடி இல்லை.

எரிச்சலாக வருகிறது அம்மா. இத்தனை வருஷம் சோறு போட்ட காலை இப்போது கட்டிப்போட வேண்டுமாம். மெக்கானிக் நிஜமாகவே அதற்கு ஒரு பட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் செய். என் பைக்கை விற்றுவிடாதே. வாரம் ஒருமுறை அக்காவை ஸ்டார்ட் செய்யச் சொல். அவள் உதைத்தால் எதுவும் கிளம்பும், எனக்குத் தெரியாதா. அப்போது எனக்குப் போன் போட்டு, பைக் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் பேச வேண்டாம்.

உன் மகன்