ஃபிரிட்ஜ் நின்றபடி போக ஒரு வேன்

மார்ச் 3, திங்கள்

பால், காய், சோப்பு எல்லாம் கணக்கு நோட்டில் ஏற்றியாயிற்று. இந்த டைரியைத் திறக்கும்போதே கை பரபரக்கிறது. வண்டி வாங்கப்போகிறோம்! இவர் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு ஃபிரிட்ஜையும் கொண்டுவர வாடகை வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து நின்றது போதும்.

கொழுந்தன் தன் பழைய வேனைத் தருகிறேன் என்கிறார். "பின்னாடி ஆறு சீட்டையும் கழட்டிட்டேன் அண்ணி. இனிமே இது சரக்கு வேன். முழுக்கை சட்டைய வெட்டினா அரைக்கை ஆகலையா?"

தம்பி சொன்னால் இவருக்கு மறுபேச்சே கிடையாது. எனக்குத்தான் என்னவோ நெருடுகிறது.

மார்ச் 5, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அந்த வேனில் இன்று முதல் ஃபிரிட்ஜ் ஏற்றினார்கள். கூரை தாழ்வு, நிற்கவில்லை. படுக்கப்போட்டார்கள். படுக்கப்போட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் இவர்தான்! கட்டலாமென்றால் தரையில் ஒரு கொக்கி கிடையாது. தெருமுனையில் நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. பிரேக். ஃபிரிட்ஜ் சறுக்கிவந்து இவர் சீட்டின் முதுகில் மோதி நின்றதாம்.

கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "ஒண்ணுமில்ல, லேசா ஒரு தட்டு."

தட்டா? இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால்? கடவுளே, இன்று நீ பிடித்துக்கொண்டாய். தினமும் உன்னையே பிடிக்கச் சொல்வது நியாயமா?

மார்ச் 6, வியாழன்

காலைப் பிரார்த்தனை முடிந்ததிலிருந்து போனில் வண்டிகளைப் பற்றித்தான் படிக்கிறேன். சாதம் அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. எவ்வளவு இருக்கிறது!

ஆள் ஏற்றும் வண்டியைச் செய்கிறவன் மனுஷ முதுகை நினைத்துச் செய்கிறான்: மெத்தை, ஜன்னல், குலுங்காத ஸ்பிரிங். சரக்கு வேன் செய்கிறவன் பெட்டியை நினைக்கிறான். உயரக் கூரை, மட்டமான தரை, கட்டுவதற்கு வளையங்கள். ஜன்னலே வேண்டாம், ஃபிரிட்ஜ் என்ன வேடிக்கையா பார்க்கப்போகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு. அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இன்ஷூரன்ஸும் வேறு. சீட்டைக் கழற்றியதால் ஆள் ஏற்றும் வண்டி தன்னால் சரக்கு வண்டி ஆகிவிடாது.

சட்டை உதாரணம் சொன்னாரே, இருக்கட்டும் அவருக்கு.

மார்ச் 8, சனி

விரதம். ஆனாலும் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். வெள்ளைச் சரக்கு வேன் ஒன்று! உள்ளே ஏறி நின்றேன், தலை இடிக்கவில்லை. டேப் வைத்து அளந்தேன். பெரிய ஃபிரிட்ஜ் நின்று, மேலே ஒரு சாண் மிச்சம்.

ஓட்டிப் பார்த்தோம். என்ன சொல்ல! ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் துள்ளிக் குதித்தது. பல்லோடு பல் அடித்தது. எங்களோடு வந்து வாசலில் காத்திருந்த கொழுந்தனுக்கு ஒரே கொண்டாட்டம். "என்ன அண்ணி, எலும்பெல்லாம் எண்ணிப் பாத்துக்கிட்டீங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாளையிலிருந்து இவர் தம்பி வண்டியில்தான் போவாராம். கழுத்தில் இன்னும் தைலம் மணக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எழுதுகிறேன்.

சமையலறை ஜன்னலுக்கு எதிரே மளிகை மொத்தக்கடை. மாவு மூட்டை வேன் வேகத்தடை மேல் பூனை மாதிரி ஏறி இறங்கியது. மூட்டைகளை இறக்கிப்போட்டுத் திரும்பும்போது அதே வேகத்தடையில் தடதடவென்று குதித்தது. அதே வண்டி, அதே ஓட்டுநர்!

பாரம் தாங்கவென்றே விறைப்பாகச் செய்த ஸ்பிரிங். பாரம் இல்லாவிட்டால் அதை எது அமுக்கும்? குதிக்கத்தான் செய்யும். நாங்கள் அந்த வேனை வெறும் வயிற்றோடு ஓட்டிப் பார்த்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு இருந்தால் நான் மட்டும் சனிக்கிழமை எப்படி இருந்தேனாம்?

விற்றுப்போயிருக்கக் கூடாது, கடவுளே.

மார்ச் 12, புதன்

விற்கவில்லை!!

அங்கே ஓரமாகக் குவித்திருந்த பழைய பேட்டரிகளை ஏற்றித் தரச் சொன்னேன். விற்பவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ஏம்மா, வண்டி பாக்க வந்தீங்களா, குடி வர்றீங்களா?" "ரெண்டுந்தான், ஏத்துங்க" என்றேன். கதவில் எழுதியிருந்த பார அளவைத் தாண்டாமல் கணக்குப் போட்டு ஏற்றி, வளையத்தில் பட்டை போட்டு இறுக்கினோம்.

அதே பள்ளங்கள். வண்டி மிதந்தது. ஆளில்லாத இடத்தில் இவர் வேண்டுமென்றே ஓங்கி பிரேக் போட்டார். பின்னால் ஒரு சத்தமில்லை. தடுப்பைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதையே எடுத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

மார்ச் 14, வெள்ளி

கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "என் வண்டி பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க வண்டி தங்கம் தம்பி, மனுஷங்களுக்கு. ஃபிரிட்ஜுக்கு எதுக்கு ஜன்னல் சீட்டு?"

சிரிக்கக் கூடாது என்று இருந்தார். முடியவில்லை.

மார்ச் 22, சனி

இன்று வந்த சரக்கு: கொழுந்தனின் ஆறு சீட்டுகள். வேனை முன்னமே பட்டறையில் விட்டாயிற்றாம்; இவற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஆள் ஏற்றவே ஓட்டப்போகிறாராம். "அண்ணி, உங்க வேன்ல கொண்டுபோய் விடுவீங்களா?"

நானே பட்டை போட்டு இறுக்கினேன். முன்னால் இருப்பது இரண்டே இடம், இவரும் நானும். கொழுந்தன் பின்கதவில் சாய்ந்துகொண்டு கெஞ்சினார். "ஆறு சீட்டு சும்மா கிடக்கே அண்ணி, ஒண்ணுல உக்காந்துக்கறேனே?"

"அது சீட்டு இல்ல தம்பி, சரக்கு" என்று கதவைச் சாத்தினேன்.

சீட்டுகள் குலுங்காமல் வேனில் போயின. அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.